சுரங்கத்துக்குள்ள போன கம்பி வலை

ஸ்கூல் லேப்ல பன்சன் பர்னர் மேல கம்பி வலை வெச்சது ஞாபகம் இருக்கா? தீ வலைக்குக் கீழயே பரவி நிக்கும், சட்டுனு மேல தாண்டாது. கம்பி சூட்டை உறிஞ்சி சுத்திப் பரப்பிடறதால ஓட்டை வழியா வர்ற கேஸ் பத்திக்கற அளவு சூடா இருக்காது, அவ்ளோதான் விஷயம். இதே வலைதான் பின்னாடி சுரங்க விளக்கோட தீ வெளிய இருக்கற கேஸைப் பத்த வைக்காம தடுத்துச்சு.

1812 மே 25, இங்கிலாந்துல ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கம், மீத்தேன் வெடிச்சு 92 பேர் செத்தாங்க, அதுல நிறைய சின்னப் பசங்க. தீ அணையட்டும்னு குழிய மூடிட்டாங்க, ஆறு வாரம் கழிச்சுதான் திறந்து உடம்புகளை எடுக்கவே ஆரம்பிச்சாங்க. ஊர் பாதிரியார் ஜான் ஹாட்ஜ்சன் ஜெபம் பண்ணி அடக்கம் பண்ணதோட விடல, செத்தவங்க பேர், வயசு, சுரங்கத்தோட படம் எல்லாத்தையும் அச்சுல போட்டுட்டாரு. பேச்சு கிளம்பிடுச்சு. 1813-ல சண்டர்லேண்ட்ல விபத்தைத் தடுக்கவே ஒரு சங்கம். அங்க டாக்டர் கிளானி ஏற்கனவே ஒரு விளக்கு செஞ்சிருந்தாரு, ஆனா துருத்தி வெச்சு தண்ணி வழியா காத்து அடிக்கணும், அதைத் தூக்கிட்டு யாரு குனிஞ்சு போறது?

அப்புறம் 1815-ல சங்கத்துக்காரங்க வேதியியல் விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியைக் கூப்பிட்டாங்க. சுரங்க மேனேஜர் ஜான் படில் நிலவரம் சொன்னாரு, ஹாட்ஜ்சன் சுரங்க வாயுவை பாட்டில்ல அடைச்சு லண்டனுக்கு அனுப்பினாரு. டேவி பண்ணது, எண்ணெய் விளக்கைச் சுத்தி சதுர அங்குலத்துக்கு 784 ஓட்டை இருக்கற வலை, முடிஞ்சுது. பேரு அவருக்குப் போச்சு, ஆனா அந்த பாட்டில் இல்லாம லேப்ல அவர் எதை சோதிச்சிருப்பாரு?

எனக்குப் பிடிச்சது வேற. மீத்தேன் உள்ள வந்தா சுடர் மேல நீலமா ஒரு தொப்பி தெரியும், காத்துல ஆக்சிஜன் குறைஞ்சா விளக்கு மங்கி அணைஞ்சிடும், ஆக வெளிச்சத்துக்குக் கொண்டு போனது அலாரமாவும் ஆயிடுச்சு. 1816 ஜனவரில ஹெப்பர்ன் சுரங்கத்துல சோதனை. டேவி பேடன்ட் வாங்கல. ரயில் இன்ஜினுக்குப் பேர் போன ஜார்ஜ் ஸ்டீஃபன்சனும் அதே நேரத்துல ஒரு விளக்கு செஞ்சாரு, அது தனி பஞ்சாயத்து.

ஆனா சாவு நிக்கல. காத்து வேகமா அடிச்சா தீ வலையைத் தாண்டும், வலை செவக்கக் காஞ்சாலும் ஆபத்துதான், கம்பி துருப்பிடிச்சு ஒரு ஓட்டை பெருசானா போதும். அதுக்கு மேல, அதான் விளக்கு வந்துடுச்சேன்னு கேஸ் ஜாஸ்தின்னு விட்டு வெச்சிருந்த இடத்துக்கெல்லாம் ஆளை இறக்கினாங்க. வெளிச்சமோ ரொம்ப மங்கல், கூலியோ வெட்டற கரிக்குத் தகுந்த மாதிரி, அதனால சிலர் வலையைக் கழட்டி வெச்சுட்டே வெட்டினாங்க. பின்னாடி விளக்கைப் பூட்டு போட்டுத்தான் கையில குடுத்தாங்க.