‘உயர் பருவ’த்தில் எது உயர்கிறது?

தங்குமிடம் பதிவுசெய்யும் செயலி ஒன்று தமிழில் என்னிடம் இப்படிச் சொன்னது: “உயர் பருவத்தில் ரத்துக் கட்டணம் பொருந்தும்.” முதல் தடவை சிரித்துவிட்டு நகர்ந்தேன். பிறகு பயணக் கட்டுரையில் வந்தது, கையேட்டில் வந்தது, செய்தி வாசிப்பில்கூட வந்தது. வாயால் யாரும் சொல்லி நான் கேட்டதேயில்லை. எழுத்தில் மட்டும் பெருகுகிறது இந்த ‘உயர் பருவம்’.

ஆங்கிலத்தின் ‘ஹை சீசன்’தான் சொல்லுக்குச் சொல் இப்படித் தமிழாகியிருக்கிறது. அதன் பொருளில் சிக்கல் ஏதுமில்லை. ஓர் இடத்துக்கு ஆண்டிலேயே அதிகம் பேர் வந்து குவியும் காலம். அறை கிடைக்காது, கிடைத்தால் வாடகை ஏறியிருக்கும், குறைந்தது இத்தனை இரவு தங்கவேண்டும் என்று நிபந்தனையும் போடுவார்கள். ‘சீசன்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். அதன் லத்தீன் மூலத்துக்கு விதைத்தல் என்று பொருள். விதைக்க ஏற்ற காலம் என்பது நாளடைவில் எதற்கும் ஏற்ற காலம் என்றாயிற்று. முன்னால் நிற்கும் ‘ஹை’, ஒன்று முழுவீச்சில் இருப்பதைச் சொல்கிறது. நட்டநடுப் பகலுக்கும் கடுங்கோடைக்கும் ஆங்கிலத்தில் அதே ‘ஹை’தான் அடைமொழி. நாம் ‘உயர் பகல்’, ‘உயர் கோடை’ என்றா எழுதுகிறோம்? உச்சிவேளை என்கிறோம், கடுங்கோடை என்கிறோம். மழை என்றால் அடைமழை. பெயருக்குத் தக்க அடையைத் தேடிக்கொள்ளும் மொழி இது. எல்லாப் பூட்டுக்கும் ‘உயர்’ என்ற ஒரே சாவியைப் போட்டுத் திருகுகிறவர்களுக்கு இது உறைப்பதில்லை.

தமிழில் ‘உயர்’ முன்னால் வந்தால் தகுதியைச் சொல்லும், தரத்தைச் சொல்லும், இல்லையேல் அளவைச் சொல்லும். உயர்கல்வி, உயர்திணை, உயர் அழுத்த மின்சாரம். அப்படியானால் உயர் பருவம் என்பது மேலான பருவமா? இலக்கணப்படி வினைத்தொகையாகப் பிரித்தால் உயர்ந்த பருவம், உயர்கின்ற பருவம், உயரும் பருவம். எது உயர்கிறது? வாடகைதான். அந்த வகையில் மொழிபெயர்த்தவர் தெரியாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

மூதுரையில் ஔவையாரின் ஒரே வெண்பாவில் இந்த இரண்டு சொல்லும் வருகின்றன. ‘உருவத்தால் நீண்ட உயர்மரங்கள் எல்லாம் பருவத்தால் அன்றிப் பழா.’ ஓங்கி நிற்கும் மரத்துக்கு உயர். பழம் கனிய வேண்டிய காலத்துக்குப் பருவம். அவரவர் வேலையை அவரவர் செய்கிறார்கள். இரண்டையும் ஒட்டிவைக்கும் யோசனை ஔவைக்கு வரவில்லை.

எனக்கு ‘உயர்’மீது இருப்பதைவிடப் ‘பருவ’த்தின்மீது மனக்குறை அதிகம். பருவம் என்றதும் காரும் பனியும் வேனிலும்தான் நினைவுக்கு வரும். சுற்றுலாக் கூட்டமோ வானிலையை மட்டும் பார்த்து வருவதில்லை. ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் அடுத்தடுத்து விடுமுறைகள் வருவதால் ரயில்கள் நிரம்பி வழிகின்றன. ஹஜ் பயணம் சந்திர நாட்காட்டிப்படி நடப்பதால் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. மக்காவின் கூட்டத்தை எந்தப் பருவத்தில் அடைப்பது? ஆல்ப்ஸ் மலையூர்களில் பனிச்சறுக்குக்கு ஒரு கூட்டம், கோடையில் மலையேற ஒரு கூட்டம். அங்கே ஆண்டுக்கு இரண்டு ‘உயர் பருவம்’ என்று எழுதிப் பாருங்கள், மலையே சிரிக்கும்.

‘உயர்’ சரியில்லை என்று ஒப்புக்கொள்கிறவர்களும் அடுத்த மூச்சில் ‘உச்ச பருவம்’ என்கிறார்கள். கேட்கக் கொஞ்சம் தேவலை. ஆனால் உச்சம் ஒரு புள்ளி. ஏறி, தொட்டு, இறங்கவேண்டியது. மூன்று மாதம் நீள்வதை உச்சம் என்பது எப்படி? சோதிடத்தில் உச்சத்துக்கு எதிர் நீசம். அப்படியானால் கூட்டமில்லாத மாதங்கள் நீச பருவமா? அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. பல விடுதிகளின் கட்டணப் பட்டியலில் ‘ஹை’ தனி, அதற்கும் மேலே ‘பீக்’ தனி. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான சில நாட்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. முன்னதற்கே உச்சத்தைக் கொடுத்துவிட்டால் பின்னதற்கு என்ன மிஞ்சும்? வெனிஸ் நகரம் 2024இல், ஒரே நாளில் வந்து திரும்பும் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியபோது அந்த ஆண்டுக்குக் குறித்தது 29 நாட்கள். அவற்றில் பெரும்பாலானவை சனியும் ஞாயிறும். உச்சம் என்ற சொல்லை அப்படிப்பட்ட நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ‘உச்ச நாட்கள்’ என்றால் எனக்கு மறுப்பில்லை.

இதற்கிடையில் ‘தோள் பருவம்’ என்று ஒன்றையும் பார்த்துவிட்டேன். மலைமுகட்டுக்கு இருபுறமும் சரியும் பகுதியைத் தோள் என்பது ஆங்கில வழக்கம். நெரிசலுக்குச் சற்று முன்னும் பின்னுமான மாதங்களுக்கு அந்த உவமை ஒட்டிக்கொண்டது. தமிழில் தோள் பருவம் என்றால் மல்யுத்தப் போட்டி நடக்கும் மாதம் என்றுதான் எண்ணத் தோன்றும். ‘முன்பின் மாதங்கள்’ என்று எழுதினால் போதாதா?

பேச்சில் மக்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். “சீசன்ல போகாதே, கூட்டம் தாங்காது” என்றால் எல்லோருக்கும் புரிகிறது. ‘ஹை’ யாருக்கும் தேவைப்படவில்லை. கூட்டம் அலைமோதும் காலம் என்ற பொருள் ‘சீசன்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள்ளேயே குடியேறிவிட்டது. தூய தமிழ் வேண்டும் என்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை, நானும் அந்தக் கட்சிதான். ஆனால் புரிகிற கடன்சொல்லைத் துரத்திவிட்டுப் புரியாத தமிழ்ச்சொல்லை நட்டுவைப்பதால் மொழிக்கு வரவு ஒன்றுமில்லை. எனக்குப் பிடித்தது ‘கூட்டக் காலம்’. கட்டணப் பட்டியலுக்குச் சற்று முறுக்கான சொல் வேண்டுமென்றால் ‘மிகுவருகைக் காலம்’, அதற்கு எதிராகக் ‘குறைவருகைக் காலம்’. எது மிகுகிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அந்தச் செயலிக்காரர்கள் கேட்டிருந்தால் இப்படி எழுதிக் கொடுத்திருப்பேன்: “கூட்டக் காலத்தில் பதிவை ரத்து செய்தால் கட்டணம் உண்டு.”