எஸ்டாப்பல் – முரண்தடை

ஒருவர் ஒன்றைச் சொல்கிறார், அல்லது செய்கிறார். அதை நம்பி இன்னொருவர் நடந்துகொள்கிறார். அப்புறம் முதலாமவர் அதற்கு மாறாகப் பேசினால் சட்டம் ஏற்காது. இந்தத் தடைதான் எஸ்டாப்பல். எல்லை வழக்குகளில் ஒரு வரைபடம் எப்போது செல்லும் என்பதைப் புரிந்துகொள்ள இந்தச் சொல் அவசியம்.

பழைய பிரெஞ்சில் அடைப்பானைக் குறித்த சொல்லிலிருந்து இது வந்தது. அதற்கும் மூலம், ஓட்டையை அடைக்க உதவும் நார்ச்சிம்பைக் குறிக்கும் 'ஸ்துப்பா' என்ற லத்தீன் சொல். ஒருவனுடைய சொந்தச் செயலே அவன் வாயை அடைத்துவிடுவதால் இந்தப் பெயர் என்று 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் விளக்கினார். தமிழில் 'முரண்தடை' என்கிறோம். மிகப் பொருத்தமான ஆக்கம் இது. சட்டம் யாரையும் பேசவே கூடாது என்று சொல்லவில்லை, முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவதைத்தான் தடுக்கிறது.

சரி, வரைபடத்துக்கு வருவோம். தனியாகப் பார்த்தால் அதற்குச் சட்டத்தில் வலு குறைவு. புர்கினா பாசோ – மாலி வழக்கில் 1986இல் சர்வதேச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: வரைபடம் வெறும் தகவல், அது மட்டுமே நிலவுரிமையைத் தந்துவிடாது. ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட்டு அதன் பகுதியாகிவிட்டால் கதை வேறு.

ஆனால் பிரியா விகார் கோயில் வழக்கைப் பாருங்கள். 1904 ஒப்பந்தப்படி சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பிரெஞ்சுக் கம்போடியாவுக்கும் அந்தப் பகுதியில் நீர்பிரிமேடுதான், அதாவது மழைநீர் இரு பக்கமும் பிரிந்து ஓடும் மேடுதான், எல்லை. பிரெஞ்சு அதிகாரிகள் தயாரித்த வரைபடமோ கோயிலைக் கம்போடியப் பக்கம் காட்டியது. இரு நாட்டுக் கூட்டு ஆணையம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. அப்படியிருந்தும், 1908இல் வரைபடம் கைக்கு வந்தபோது சயாம் மறுக்கவில்லை. உள்துறை அமைச்சரான இளவரசர் தம்ரோங் நன்றி சொல்லி, மாகாண ஆளுநர்களுக்காக மேலும் 15 பிரதிகள் கேட்டார்! 1930இல் அவர் கோயிலுக்கு வந்தபோது பிரெஞ்சு அதிகாரி பிரெஞ்சுக் கொடியோடு வரவேற்றார். அப்போதும் எதிர்ப்பு எழவில்லை. 1934–35 நில அளவையில் வரைபடத்தின் எல்லைக்கோடு நீர்பிரிமேட்டோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்த பிறகும் கோயிலைக் கம்போடியாவில் காட்டும் வரைபடங்களையே தாய்லாந்து பயன்படுத்தி வந்தது. 1962இல் 9க்கு 3 என்ற கணக்கில் கோயில் கம்போடியாவுக்கே என்று தீர்ப்பானது. வரைபடத்தை ஏற்கவில்லை என்று இனிச் சொல்லத் தாய்லாந்தின் நடத்தையே இடம் தரவில்லை என்றது நீதிமன்றம்.

இதை மௌன சம்மதத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டும் ஒரே வழக்கில் சேர்ந்து வருவதுண்டு. மௌன சம்மதத்துக்கு, மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்காததே போதும். முரண்தடைக்கு இன்னொன்றும் தேவை: எதிர்த்தரப்பு அதை நம்பிச் செயல்பட்டிருக்க வேண்டும்.

சிங்கப்பூரும் மலேசியாவும் உரிமை கோரிய பெட்ரா பிராங்கா தீவு பற்றிய 2008 தீர்ப்பில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரிகிறது. அந்தத் தீவுக்கு உரிமை கோரவில்லை என்று ஜோகூர் (இன்று மலேசியாவின் ஒரு மாநிலம்) 1953இல் எழுதிய கடிதத்தைச் சிங்கப்பூர் காட்டியது. அதை நம்பிச் சிங்கப்பூர் தனியாக ஏதும் செய்ததாக நிறுவப்படாததால், முரண்தடை வாதம் எடுபடவில்லை. ஆனாலும் தீவு சிங்கப்பூருக்கே கிடைத்தது. இரு தரப்பின் நீண்டகால நடத்தையோடு, 1962 முதல் 1975 வரை மலேயாவும் மலேசியாவும் வெளியிட்ட வரைபடங்களில் தீவின் கீழே 'சிங்கப்பூர்' என்று அச்சாகியிருந்ததையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.