மைக்ரோபயோம்: நுண்ணங்கித்தொகுதி

கதிர்ச்சிகிச்சை பற்றி எழுதுகிறவர்கள் இப்போது அடிக்கடி எடுக்கும் சொல் மைக்ரோபயோம். தமிழில் ‘நல்ல கிருமிகள்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. கிருமி என்றால் மட்டக்களப்பில் யாருக்கும் நோய்தான் நினைவுக்கு வரும். முன்னால் ‘நல்ல’ போட்டாலும் அந்த வாடை போகாது.

கிரேக்கத்தில் மிக்ரோஸ் என்றால் சிறியது, பயோஸ் என்றால் வாழ்வு. அமெரிக்க மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் 2001இல் எழுதிய பிறகு சொல் பரவியது. அவரே உருவாக்கினார் என்பது சரியல்ல; 1988இலேயே பூஞ்சைகள் பற்றிய நூலொன்றில் அது இருக்கிறது. ஓரிடத்தில் வாழும் நுண்ணங்கிகள் (நுண்ணுயிர்கள்), அவற்றின் மரபணுக்கள், அவை இருக்கும் சூழல் எல்லாம் சேர்ந்ததே மைக்ரோபயோம். உயிர்களை மட்டும் சொல்ல மைக்ரோபயோட்டா என்று வேறு சொல் உண்டு. நம் உடலில் மட்டும் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் இருப்பதாக 2016இல் கணக்கிட்டார்கள்.

சூழலும் சேர்ந்தது என்பதுதான் கதிர்ச்சிகிச்சையில் முக்கியம். நாளுக்குச் சுமார் 2 கிரே வீதம் கொடுக்கிறார்கள்; கிரே என்பது கதிரை அளக்கும் அலகு. உணவில் பற்றீரியாவைக் கதிரால் ஒழிக்க ஆயிரக்கணக்கான கிரே வேண்டும். அப்படியென்றால் நோயாளியின் நுண்ணங்கிகள் ஏன் மாறுகின்றன? பெரும்பாலும் அவை வாழும் இடம் மாறுவதால். முகத்துவாரம் வெட்டுண்டு கடல்நீர் ஏறினால் வாவியில் வலையில் விழும் மீன் வேறாவதுபோல.

வாய்ப்புற்றைப் பாருங்கள். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்று அதுதான். வெற்றிலையும் புகையிலையும் செய்த வேலை. கழுத்திலும் தாடையிலும் கதிர் படும்போது உமிழ்நீர்ச் சுரப்பிகள் பழுதாகும். உமிழ்நீர் குறைந்த வாயில் அமிலம் தங்கும். அமிலத்தைத் தாங்கும் பற்றீரியாக்களும் கண்டிடா என்னும் பூஞ்சையும் பெருகும். நாக்கில் வெண்படை படியும், பல் வேகமாகச் சொத்தையாகும். சொதி ஊற்றிக் குழைத்தாலும் பிட்டு தொண்டையில் இறங்காது, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் வேண்டும். உப்பும் அப்பச்சோடாவும் கலந்த நீரில் அடிக்கடி வாய் கொப்பளிக்கச் சொல்வது இதற்காகவும்தான். சோடா அமிலத்தைத் தணிக்கும்.

கருப்பைக் கழுத்து, மலக்குடல் புற்றுக்கு அடிவயிற்றில் கதிர் பட்டால் குடலின் உட்தோல் சேதமாகும், வயிற்றோட்டம் வரும். நுண்ணங்கிகளின் வகைகளும் குறைகின்றன. நார்ச்சத்தைப் புளிக்கவைத்துப் பியூட்டிரேட் என்னும் கொழுப்பமிலத்தைத் தரும் பற்றீரியாக்கள் குறைவது பெரிய நட்டம், ஏனென்றால் பெருங்குடல் கலங்களுக்கு அதுதான் முக்கிய உணவு. இந்தச் சீர்குலைவுக்கு ‘டிஸ்பயோசிஸ்’ என்று பெயர். ‘நுண்ணங்கிச் சமநிலைக் குலைவு’ என்று சொன்னால் போதும்.

சரி, மைக்ரோபயோமுக்கு என்ன சொல்? இந்தியத் தமிழில் நுண்ணுயிரி என்பார்கள். நம் பாடப்புத்தகம் நுண்ணங்கி என்கிறது. அங்கி என்றதும் பாதிரியாரின் உடுப்பு நினைவுக்கு வருகிறவர்களும் உண்டு, இருந்தாலும் இங்கே படித்தவர்களுக்குப் பழகிய சொல் அது. உயிர்களையும் இடத்தையும் சேர்த்து சூழற்றொகுதி என்கிறோம். அதே வழியில் நுண்ணங்கித்தொகுதி. மைக்ரோபயோட்டாவுக்கு வெறுமனே நுண்ணங்கிகள்.

அப்புறம் எருமைத் தயிர். சட்டித்தயிர் சாப்பிட்டால் நுண்ணங்கிகள் திரும்பிவிடுமா என்று கேட்காத குடும்பம் குறைவு. அடிவயிற்றுக் கதிர்ச்சிகிச்சையில் லாக்டோபசிலஸ் என்னும் பற்றீரியா கொண்ட புரோபயோட்டிக் (நன்மைக்காக உட்கொள்ளும் உயிருள்ள நுண்ணங்கிகள்) வயிற்றோட்டத்தைக் குறைக்கலாம் என்று மருத்துவ வழிகாட்டல்கள் சொல்கின்றன. ஆனால் சட்டித்தயிரில் எந்த வகை, எவ்வளவு என்று யாரும் அளந்து விற்பதில்லை. வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும் நாட்களில் உயிருள்ள பற்றீரியாவே ஆபத்தாகலாம் என்பதால், கிளினிக்கில் கேட்டுவிட்டுச் சட்டியைத் திறப்பது நல்லது.