ஐ7 ஸ்டிக்கரைப் பார்த்து லேப்டாப் வாங்காதீர்கள்

போன வாரம் மட்டும் மூன்று பேர் இப்படி வாங்கிவிட்டு என் சர்வீஸ் பெஞ்சுக்கு வந்தார்கள். மூன்றாவதாக வந்தவர் மணப்பாறைப் பக்கத்து விவசாயி. மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. லேப்டாப்பைப் புதுத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருக்கிறார். வாங்கி இருபது நாள்கூட ஆகவில்லை. ஆன் ஆவதற்கே நாலு நிமிடம். சார்ஜரைக் கழற்றினால் அரை மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. கொடுத்த விலை 26,000 ரூபாய், அதில் பாதி கடன்.

"ஐ7-னு சொன்னாங்க தம்பி. ஐ5-ஐவிடப் பெருசு, படிப்பு முடியிற வரைக்கும் கவலையில்லைன்னு சொன்னாங்க."

திறந்து பார்த்தேன். ஐ7-4600யு. 2013-இல் வந்த பிராசசர் (லேப்டாப்பின் மூளை), உள்ளே கணக்குப் போடுகிற கோர் இரண்டே. 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். கீபோர்டுக்குக் கீழே ஒட்டியிருந்த ஐ7 ஸ்டிக்கர் மட்டும் புத்தம் புதிது, ஓரத்தில் காற்றுக் குமிழிகூட அப்படியே இருந்தது. அந்தப் பிராசசர் வந்தபோது இந்தப் பெண் யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்திருப்பாள்.

திருச்சியில் பதினாலு வருடமாக சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

இன்டெல் கம்பெனி போடுகிற ஐ3, ஐ5, ஐ7 என்பது பிராசசரின் முழுப் பெயர் கிடையாது. அது ரேங்க், அதுவும் ஒரே வகுப்புக்குள் போடுகிற ரேங்க். நாலாம் வகுப்பில் முதல் ரேங்க் எடுத்த பிள்ளையையும், பன்னிரண்டாம் வகுப்பில் சுமாராகப் படிக்கிற பிள்ளையையும் உட்காரவைத்து ஒரே கணக்கைக் கொடுங்கள். யார் போடுவார்? மணப்பாறைக்காரர் வாங்கியது நாலாம் வகுப்பு ஐ7. 2022-இல் வந்த ஐ3-1215யு பன்னிரண்டாம் வகுப்பு. அதில் ஆறு கோர் இருக்கிறது. இந்த 'ஐ3' அந்த 'ஐ7'-ஐ எல்லா வேலையிலும் தாண்டிப் போகும். ஆனால் கடையில் ஐ3 என்றதும் முகம் சுளிக்கிறோம். "பிள்ளைக்கு ஐ7 வாங்கினேன்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்ல நன்றாக இருக்கிறது. அந்த ஆசையை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

எந்த வகுப்பு என்று கண்டுபிடிப்பது சுலபம். முழு எண்ணைக் கேளுங்கள். கோடுக்குப் பின்னால் வருகிற எண் 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்கள்தான் தலைமுறை, அதாவது நான் சொன்ன வகுப்பு: 1215 என்றால் 12, 13420 என்றால் 13. மற்றபடி முதல் இலக்கம்: 8250 என்றால் 8, 4600 என்றால் 4. முழு எண்ணைச் சொல்ல மறுக்கிற கடையில் நிற்காதீர்கள். "ஐ7 சார், நம்பி வாங்குங்க" என்பது பதில் இல்லை.

இதில் எட்டாம் தலைமுறை என்பது முக்கியமான எல்லைக்கோடு. விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் முடித்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும்தான் கணக்கில் வரும். அதற்கு முந்திய மெஷின்கள் இப்போது மலிவு விலையில் மார்க்கெட்டுக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சிலர் பிராசசர் தகுதிச் சோதனையைத் தாண்டவைத்து விண்டோஸ் 11-ஐ ஏற்றியே விற்கிறார்கள். இவருடையதும் அப்படித்தான். திரையில் பார்க்கப் புதிதாக இருக்கும், அப்டேட் ஒழுங்காக வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசசர் வாங்குகிறவர்களும் கவனியுங்கள். 7520யு, 7530யு இரண்டுமே 'ரைசன் 5' தான். பத்து எண்தானே வித்தியாசம் என்று தோன்றும். முதலாவதில் நாலு கோர், உள்ளே இருப்பது பழைய ஜென் 2 வடிவமைப்பு. இரண்டாவதில் ஆறு கோர், ஜென் 3. மூன்றாவது இலக்கம்தான் அதைச் சொல்கிறது. 7520யு வரும் லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைத்து வரும், பின்னால் கூட்ட வழியில்லை. 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான்.

ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ள லேப்டாப் வேண்டாம். 1 டிபி என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், 256 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பு) போதும், 512 கிடைத்தால் நல்லது. ரேம் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது. கடையில் டெமோ மெஷின் இருந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் எத்தனை ரேம் ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று பெரும்பாலும் காட்டிவிடும்.

15,000 ரூபாய்க்குப் புது லேப்டாப் என்று ஆன்லைனில் வருகிறதே, அதில் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்த 64 ஜிபி இஎம்எம்சி என்ற சேமிப்பு இருக்கும். எஸ்எஸ்டி போல இதைக் கழற்றி மாற்ற முடியாது. விண்டோஸே நிறைய இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆறு மாதத்தில் அப்டேட் போட இடமில்லாமல் நிற்கும். என்னிடம் கொண்டு வந்தால் நான் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

அப்புறம் எடை. பையன் கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்று நிற்பான், "புராஜெக்டுக்குத் தேவைப்பா" என்பான். மெக்கானிக்கல், ஆர்க்கிடெக்சர் மாதிரி பெரிய 3டி வேலை இருக்கிற படிப்பென்றால் அது நியாயம். பி.காம். படிக்கிற பிள்ளைக்கும், முதல் வருடம் சியும் பைத்தானும் எழுதுகிற பிள்ளைக்கும் எதற்கு? லேப்டாப் இரண்டே கால் கிலோ, சார்ஜர் அரைக் கிலோவுக்கு மேல். காலை ஏழு மணி டவுன் பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டு அதைத் தோளில் சுமக்கப்போவது அந்தப் பிள்ளைதான். வகுப்பில் அறுபது பேருக்கு எத்தனை பிளக் பாயின்ட் இருக்கும்? கேமிங் மெஷின் மதியம் வரை தாங்காது. 14 அங்குலம், ஒன்றரைக் கிலோவுக்குள், பேட்டரி 45 வாட்-அவருக்குக் குறையாமல், டைப்-சி வழியாக சார்ஜ் ஏறுவது: தினமும் சுமக்கிற மாணவருக்கு இதுதான் சரி.

பட்ஜெட் இல்லையா, பழையதே வாங்குங்கள். அதில் குறைவில்லை. கம்பெனிகள் மூன்று நாலு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கிற டெல் லாட்டிட்யூட், லெனோவா திங்க்பேட், எச்பி எலைட்புக் வரிசையில் எட்டாம் தலைமுறைக்கு மேல் நல்ல மெஷின்கள் கிடைக்கின்றன. பாகம் கிடைக்கும், கீல் உறுதியாக இருக்கும். பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருந்தது), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது இருப்பது) என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவது முதலாவதில் பாதிகூட இல்லையென்றால் புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். மணப்பாறைக்காரருடைய மெஷினில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். மூடியை நாலு தடவை திறந்து மூடுங்கள். கீல் பக்கம் பிளாஸ்டிக் தூக்கிக்கொண்டு வந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பில்லில் பிராசசரின் முழு எண்ணை எழுதி வாங்குங்கள்.

இவரிடம் பில் இல்லை. விற்ற கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். எஸ்எஸ்டி ஒன்று போட்டு, பெஞ்சில் கழற்றி வைத்திருந்த 4 ஜிபி ரேம் துண்டையும் சேர்த்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றிக் கொடுத்தேன். இப்போது அரை நிமிடத்தில் ஆன் ஆகிறது. முதல் வருடம் நிரல் எழுத இது போதும். மூன்றாம் வருடம் என்ன செய்வது என்று அந்தப் பெண் கேட்டாள். அவள் எடுத்திருப்பது சிவில். வரைபடம் போடுகிற ஆட்டோகேட் லினக்ஸில் ஓடாது, கல்லூரி லேபில்தான் போட வேண்டியிருக்கும், அப்போது பார்க்கலாம் என்றேன். அப்பா பக்கத்தில் நின்று துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

லேப்டாப் வாங்கப் போகிறவர்களே, பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அந்த எண்ணை ஒரு படம் எடுத்து, தெரிந்த சர்வீஸ்காரர் யாருக்காவது அனுப்புங்கள். எனக்கு அனுப்பினாலும் சரி. ராத்திரி பத்து மணியானாலும் பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம்.