பருத்திக் கயிறும் நண்டின் குறுக்களவும்

கடலூர் தேவனாம்பட்டினத்துக் கரையில் விடியற்காலையில் ஃபைபர் படகிலிருந்து இறக்கப்படும் நண்டு வலையை அருகில் அமர்ந்து பார்த்தால், மீனும் நண்டும் வலையில் ஒரே விதமாகப் பிடிபடுவதில்லை என்பது விளங்கும். மீன் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்கிறது. ஆகவே கண்ணி பெரிதானால் சிறிய மீன் தப்பிவிடும். நண்டு நுழைய வேண்டியதே இல்லை. ஓட்டின் இரு ஓரங்களிலும் நீண்டிருக்கும் முள், கொடுக்கு, துடுப்புபோல் தட்டையான கடைசிக் கால் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நைலான் இழையில் பட்டாலே போதும். விடுபடத் துடிக்கத் துடிக்க இழை மேலும் சுற்றிக்கொள்ளும். அதனால் கண்ணியை அகலமாக்கினால் குஞ்சு நண்டுகள் குறையுமே தவிர, மீனில் நடப்பதுபோல் பெரியதும் சிறியதும் கோடு கிழித்தாற்போலப் பிரிவதில்லை.

பிரித்தெடுப்பதும் எளிதன்று. கொடுக்குகளை மடக்கிப் பிடித்து, இழையை ஒவ்வொரு காலிலிருந்தும் உருவ வேண்டும். அவசரத்தில் இழுத்தால் கால் கழன்று வலையிலேயே தங்கிவிடும். இது வெறும் ஒடிவும் அன்று: நண்டின் கால் அடியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தானாகக் கழன்று, காயமும் உடனே அடைபடும் அமைப்பு அதற்கு உண்டு. பின்னர் ஓடு கழற்றும்போது புதுக்கால் முளைக்கும்; ஆனால் கொடுக்கிழந்து கடலுக்குத் திரும்பும் நண்டு, அதுவரை இரை பிடிக்கவும் எதிரியிடமிருந்து தப்பவும் திணற வேண்டும். சிறிய நண்டையும் சினை நண்டையும் கரையில் பொறுக்கித் திருப்பி விட்டால் போதும் என்ற விதி, காகிதத்தில் தோன்றும் அளவுக்குக் கடலில் பலன் தராததற்கு இது ஒரு காரணம். அளவு பார்க்கும் வேலையை, நண்டு மேலே வருவதற்கு முன்பே, கருவியைக் கொண்டு செய்விப்பதே சிறந்தது என்பது என் கருத்து.

கூண்டில் இது நடக்கும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், டன்ஜனெஸ் நண்டு பிடிக்கும் கூண்டு ஒவ்வொன்றிலும் 4¼ அங்குல, அதாவது சுமார் 108 மில்லிமீட்டர், உள்விட்டமுள்ள, சிறிய நண்டு வெளியேறுவதற்கான இரண்டு வளையங்களாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். வணிகத்துக்குப் பிடிக்கத்தக்க ஆண் நண்டின் குறைந்தபட்ச அகலமோ 6¼ அங்குலம், சுமார் 159 மில்லிமீட்டர். பிடிக்க வேண்டிய நண்டைவிட வளையம் ஏன் இவ்வளவு சிறியதாக இருக்கிறது என்ற கேள்விக்கு விடை, நண்டின் நடையில் இருக்கிறது. அது பக்கவாட்டில் நகர்வது. ஆகவே துவாரத்திலும் பக்கவாட்டிலேயே நுழையும். அப்போது வளையத்தில் இடிக்கக்கூடியது ஓட்டின் இடவல அகலமன்று, கண்ணிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள முன்பின் அளவே. சட்டத்தில் உள்ள இரண்டு எண்களும் ஒரே உடலை இரண்டு திசைகளில் அளந்தவை.

நம் கரையின் நீலக்கால் நண்டுக்கு இதே கணக்கைப் போட்டால் எண் வேறாகும். அதன் ஓடு முள்ளோடு சேர்த்து மிக அகலமானது. 12 சென்டிமீட்டர் அகலமுள்ள நண்டின் முன்பின் அளவு 5 முதல் 6 சென்டிமீட்டரே இருக்கும். ஆகவே வெளிநாட்டு வளையத்தை அப்படியே வாங்கிப் பொருத்தினால் கூண்டு காலியாகத்தான் மேலே வரும்.

அதே கலிஃபோர்னியச் சட்டம் இன்னொன்றையும் கேட்கிறது: கூண்டின் ஒரு பகுதி, பதப்படுத்தாத பருத்தி நூலால் கட்டப்பட்டிருக்க வேண்டும். மிதவை அறுந்து அடியில் தொலைந்த கூண்டு சும்மா கிடப்பதில்லை. உள்ளே அகப்பட்ட நண்டு பட்டினியில் சாகும். அதன் உடலே அடுத்த நண்டுக்கு இரையாகும். யாரும் வந்து எடுக்காமலேயே மீன்பிடிப்பு தொடரும். பருத்தி மக்கிப்போனால் கதவு திறந்து அச்சுழற்சி அறும். பருத்தி வலை மக்கக் கூடாதென்று மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்துக் காயவைத்த தலைமுறைக்கு, மக்குவதையே கட்டாயமாக்கும் சட்டம் விந்தையாகத்தான் இருந்திருக்கும்.

இங்கே நிலைமை வேறு. அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் மீன்வளம் 21ஆவது இனமாக இருப்பதால், கரையிலிருந்து 12 கடல் மைல் வரை விதி வகுப்பது மாநிலத்தின் பொறுப்பு. தமிழ்நாட்டுக்கு 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டமும், புதுச்சேரிக்கு 2008ஆம் ஆண்டில் இயற்றிய தனிச் சட்டமும் உள்ளன. இழுவை வலையின் கடைசிப் பையான மடியின் கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, விசைப்படகு 5 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்பவை தமிழ்நாட்டில் அனைவரும் அறிந்தவை. இவை விசைப்படகையும் இழுவை மடியையும் நோக்கி எழுதப்பட்டவை. கரையோரத்தில் ஃபைபர் படகு விரிக்கும் நண்டு வலை இவற்றில் அகப்படுவதில்லை.

கூண்டின் பருத்தி நூலை வலைக்கு மாற்றிப் பார்க்கலாம். மிதவைகளை மேல்கயிற்றோடு பிணைக்கும் முடிச்சுகளை மட்டும் பருத்தியில் போட்டால், தொலைந்த வலையில் மிதவைகள் சில மாதங்களில் கழன்று மேலே வந்துவிடும். சுவராக நின்ற வலை தரையில் சரியும். நீந்தும் மீனுக்கு அது விடுதலை. தரையில் நடக்கும் நண்டுக்கோ, சரிந்த வலையும் வலைதான். ஆகவே தொலைந்த வலையைத் தேடி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

டெக்சாஸ் மாநிலம் 2002 முதல் இதற்கென்று ஆண்டுதோறும் பிப்ரவரியில் குறைந்தது பத்து நாள் ஒதுக்குகிறது. அந்நாள்களில் நண்டுக் கூண்டுகள் அனைத்தையும் நீரிலிருந்து எடுத்துவிட வேண்டும். மீந்து கிடப்பது கைவிடப்பட்டதாகக் கருதப்படும், தன்னார்வலர்கள் அதை அகற்றலாம். கடலூரிலும் புதுச்சேரியிலும் தடைக்காலத்தில் விசைப்படகுகள் துறைமுகத்தில் நிற்க, ஃபைபர் படகுகள் நண்டு வலையோடு கடலுக்குப் போய்வருகின்றன. ஆகவே அடியில் கிடக்கும் வலை விரித்ததா, தொலைந்ததா என்று பிரித்துச் சொல்லக்கூடிய ஒரு நாள்கூட நம் ஆண்டில் இல்லை.