கணப்படுப்பா? முதலில் புகைபோக்கியைக் கணக்குப் போடுங்கள்

விறகு எரிக்கும் கணப்படுப்பு என்றதும் பேச்சு முகப்பில்தான் தொடங்கும்: கல்லா, செங்கல்லா, மேலே என்ன பலகை. ஆனால் புகை வெளியே போகுமா, கூடத்துக்குள் திரும்புமா என்பதை முடிவு செய்வது கண்ணில் படாத புகைபோக்கிதான். அதனால் திட்டத்தைக் கூரையில் தொடங்கிக் கீழே இறங்கி வருவதே சரி.

புகையை மேலே தூக்குவது எடை வித்தியாசம் மட்டுமே. வெளியே 5 டிகிரி செல்சியஸ் குளிர் என்றால் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.27 கிலோ. குழாய்க்குள் சராசரி 200 டிகிரியில் இருக்கும் புகை சுமார் 0.75 கிலோதான். 5 மீட்டர் உயரப் புகைபோக்கியில் இதனால் கிடைக்கும் இழுவை ஏறக்குறைய 25 பாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. அதே குழாய் குளிர்ந்து உள்ளே சராசரி 60 டிகிரி ஆகிவிட்டால் இழுவை 10 பாஸ்கலுக்கு இறங்கிவிடும். காற்றுப் புகாமல் கட்டிய வீட்டில் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றே அதைத் தோற்கடித்துப் புகையை உள்ளே இழுத்துவிடலாம்.

ஆகவே குழாய் சூடாகவே இருக்க வேண்டும். வெளிச்சுவரை ஒட்டி எழும்பும் புகைபோக்கி மூன்று பக்கமும் குளிரில் நனைகிறது. வீட்டுக்குள்ளேயே ஏறிக் கூரை உச்சிக்குப் பக்கத்தில் வெளிவருவதுதான் நன்றாக இழுக்கும். குழாய் நேராகப் போவது நல்லது. வளைத்தே ஆக வேண்டுமென்றால் செங்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாய்க்கக் கூடாது. உச்சி, கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 90 செ.மீ. உயர வேண்டும், சுற்றிலும் 3 மீட்டருக்குள் உள்ள கூரையையோ சுவரையோ விட 60 செ.மீ. மேலே நிற்க வேண்டும். கூரை முகட்டைத் தாண்டும் காற்று மறுபக்கம் சுழன்று கீழே அமுக்குகிறது; உச்சி அந்தச் சுழலில் மாட்டிக்கொண்டால் புகை வந்த வழியே திரும்பிவிடும்.

அடுத்தது வாயும் குழாயும். அடுப்பின் வாய் 90 செ.மீ. அகலம், 75 செ.மீ. உயரம் என்றால் பரப்பு 6,750 சதுர செ.மீ. வட்டக் குழாய்க்கு அதில் 12-இல் ஒரு பங்கு போதும்: சுமார் 27 செ.மீ. விட்டம். சதுரக் குழாய்க்கு 10-இல் ஒரு பங்கு: பக்கத்துக்கு 26 செ.மீ. புகை சுழன்று ஏறுவதால் சதுரத்தின் மூலைகள் பெரிதாக உதவுவதில்லை; அதற்குத்தான் இந்தக் கூடுதல். குழாய் சிறுத்தால் புகை வழியும். பெருத்தால் புகை மெதுவாக ஏறி, வழியிலேயே குளிர்ந்துபோகும். பெரிதாக வைத்துவிட்டால் கவலையில்லை என்ற எண்ணம் தவறு.

வாய்க்கு மேலே புகை நுழையும் கழுத்தில் டேம்பர் என்ற மூடி வரும். அது வாயின் மேல் சுவரைத் தாங்கும் லிண்டலின் அடிவிளிம்பிலிருந்து குறைந்தது 20 செ.மீ. மேலே இருக்கட்டும், தாழ்ந்தால் புகை கழுத்துக்குள் திரும்புமுன் அறைக்குள் வழிந்துவிடும். கழுத்தைக் குறுக்கி, பக்கச் சுவர்களைச் சாய்த்து, அடுப்பின் ஆழத்தைக் குறைத்தால் புகை குறைந்து அறைக்கு வரும் வெப்பம் கூடும் என்பதை வெப்பத்தை ஆராய்ந்த அறிவியலாளர் ரம்ஃபோர்டு பிரபு 1796-லேயே எழுதிவிட்டார். இன்றும் அது செல்லும்.

வீட்டையே எரிக்கக் கூடிய பிழை வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்கக் குடியிருப்பு விதிகளின்படி, செங்கல் அடுப்பின் பின்புறத்துக்கும் மரச்சட்டத்துக்கும் இடையே 10 செ.மீ., வீட்டுக்குள் ஏறும் புகைபோக்கியைச் சுற்றி 5 செ.மீ. வெற்றிடம் வேண்டும். இடம் வீணாகிறதே என்று அதில் வெப்பக்காப்புப் பஞ்சையோ பலகையோ அடைத்தால் வெப்பம் வெளியேற வழியிருக்காது. ஆண்டுக்கணக்கில் சூடேறும் மரம் மெல்லக் கருகி, புது மரத்தைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் நிலைக்கு வருகிறது. பல வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது பாதுகாப்புக்குச் சான்றே அல்ல. மேலே சொன்ன அளவு வாய்க்கு முன்னால் 50 செ.மீ., இருபுறமும் 30 செ.மீ. எரியாத தளமும் வேண்டும். உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே முடிவு. செங்கல் அமைப்பு டன் கணக்கில் எடையுள்ளது. அதற்கென்று தனி அஸ்திவாரம் போட வேண்டும்.

வெப்பத்துக்காகவே வைக்கிறீர்கள் என்றால் கண்ணாடிக் கதவுள்ள மூடிய அடுப்பையே தேர்ந்தெடுங்கள். திறந்த அடுப்பு விறகின் ஆற்றலில் சுமார் 10 சதவீதத்தையே அறைக்குத் தருகிறது. மீதி, அறையின் வெதுவெதுப்பான காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறது. நல்ல மூடிய அடுப்பு 70 சதவீதம் வரை தரும். எதுவானாலும் எரிவதற்கான காற்று வெளியிலிருந்து வரத் தனிக் குழாய் வையுங்கள். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடைக் கண்டறியும் அலாரமும் கட்டாயம்.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈர விறகில் வெப்பத்தின் ஒரு பங்கு நீரை ஆவியாக்கவே போய்விடும். குளிர்ந்த புகையிலுள்ள தார் குழாயின் உட்சுவரில் கிரியோசோட்டாகப் படியும். அது பற்றிக்கொண்டால் குழாய்க்குள் 1,000 டிகிரியையும் தாண்டும். படிவு 3 மி.மீ. தடித்தாலே சுத்தம் செய்ய வேண்டும். படிவு தெரியாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை தேவை. இதற்காகக் குழாயின் அடியில் சுத்தம் செய்யும் கதவு ஒன்றை வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

கட்டி முடித்ததும் உடனே கொளுத்தாதீர்கள். கலவை காய ஒரு மாதம் விடுங்கள். பிறகு சில நாட்களுக்குச் சுள்ளிகளை மட்டும் எரித்து, தீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பூச்சுக்குள் தங்கிய நீர் திடீரென நீராவியானால் தீச்செங்கல் (வெப்பம் தாங்கும் செங்கல்) இணைப்புகள் முதல் நாளே விரிசல் விட்டுவிடும்.