படகுக்கு மின்மோட்டார் வாங்கும்முன் யூனிட் கணக்கு போடுங்கள்

சின்ன ஃபைபர் படகுக்கு மின்சார அவுட்போர்டு (படகின் பின்பலகையில் மாட்டுகிற மோட்டார்) வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை எச்பி வாங்கணும்?" என்பதைத்தான். பெட்ரோல் எஞ்சினுக்கு அது நல்ல கேள்வி. டேங்க் காலியானால் கேனில் இருக்கிற இரண்டு லிட்டரை ஊற்றிக்கொண்டு கரை வந்து சேரலாம். மின்மோட்டாரில் அந்தக் கேன் கிடையாது, அதனால் மோட்டாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பேட்டரியில் எத்தனை யூனிட் வேண்டும் என்பதுதான் முதல் கணக்கு. யூனிட் என்றால் கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான்: 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட்.

ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் கிட்டத்தட்ட 9 யூனிட் அடங்கியிருக்கிறது. சின்ன எஞ்சின் அதில் பெரும்பகுதியைச் சூடாக வெளியே விட்டுவிடும், மிச்சத்திலும் ஒரு பங்கை வேகமாகச் சுற்றுகிற சின்ன புரொப்பல்லர் தண்ணீரைக் கலக்குவதிலேயே தீர்த்துவிடும். கடைசியில் படகைத் தள்ளுவதற்குப் போய்ச் சேருவது பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிசு. நல்ல மின்மோட்டார் பேட்டரியிலிருந்து எடுப்பதில் ஏறக்குறைய பாதியைத் தள்ளுவதற்குக் கொடுத்துவிடும். இந்தக் கணக்கில் ஒரு லிட்டர் பெட்ரோல் செய்கிற வேலைக்கு சுமார் 2 யூனிட் பேட்டரி வேண்டும். முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோலுக்குப் பதிலாக ஏறத்தாழ 20 கிலோ லித்தியம் பேட்டரி. இந்த ஏற்றத்தாழ்வை முதலிலேயே ஒப்புக்கொண்டால்தான் மற்ற முடிவுகள் சரியாக வரும்.

பழவேற்காடு ஏரியை எடுத்துக்கொள்வோம். உப்புக் கலந்த தண்ணீர், பல இடங்களில் ஆள் நின்றால் இடுப்போ மார்போதான் ஆழம், போகிற தூரமும் குறைவு. 14 அடி படகு, இரண்டு பேர், வலை, ஐஸ் பெட்டி. மின்மோட்டார் நன்றாகப் பொருந்துகிற இடம் இது.

படகு நகரும்போது தன் கூடவே ஓர் அலையை இழுத்துக்கொண்டு போகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். தண்ணீரைத் தொடுகிற படகின் நீளம் 13 அடி என்றால், மணிக்கு சுமார் 9 கி.மீ. வேகத்தில் அலையின் நீளமும் அதே 13 அடியாகிவிடும். அப்போது அணியம் (படகின் முன்முனை) ஓர் அலை முகட்டின் மேல், பின்பக்கம் அடுத்த முகட்டில், படகு நடுப்பள்ளத்தில். அதற்கு மேல் வேகம் கேட்டால் தான் எழுப்பிய அலையின் மேலேயே படகு ஏறியாக வேண்டும். பெரிய பெட்ரோல் எஞ்சின் அதை ஏற்றிவிடும், தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டும் போகும். 1 கிலோவாட் மோட்டாரால் முடியாது. திராட்டிலை எவ்வளவு முறுக்கினாலும் பின்னால் நுரை கூடும், பேட்டரி இறங்கும், வேகம் மட்டும் ஏறாது.

அந்த எல்லைக்குக் கீழேதான் நமக்கு லாபம். தேவைப்படும் சக்தி தோராயமாக வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது, அதாவது வேகத்தைப் பாதியாக்கினால் சக்தி எட்டில் ஒரு பங்கு போதும். நம் படகு 1,000 வாட்டில் 8 கி.மீ. வேகம் போகிறது என்று வைத்துக்கொண்டால், 1 யூனிட்டில் ஒரு மணி நேரம், 8 கி.மீ. தூரம். 5.5 கி.மீ. வேகத்துக்கு இறங்கினால் 325 வாட் போதும், அதே 1 யூனிட்டில் 17 கி.மீ. போகலாம். 4 கி.மீ. வேகத்தில் 125 வாட்தான், தூரம் 32 கி.மீ. வரை நீளும். விளம்பரத்தில் "30 கி.மீ. போகும்" என்று போட்டிருந்தால் எந்த வேகத்தில் என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் நடந்து போகிற வேகமாக இருக்கும்.

இப்போது கணக்கைப் போடலாம். போக 6 கி.மீ., வர 6 கி.மீ., 5.5 கி.மீ. வேகத்தில் சுமார் 2 மணி 10 நிமிடம், 710 வாட்-மணி. வலை விடவும் எடுக்கவும் மெதுவாக ஒரு மணி நேரம், இன்னொரு 125. அப்புறம் காற்று. திரும்பும் வழி கிழக்கே என்றால் மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து எழும் காற்று நேராக முகத்தில் அடிக்கும். 25 கி.மீ. வேகக் காற்றுக்கு எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிற படகு போனால், தண்ணீர் இழுக்கிற இழுப்பில் ஏறக்குறைய பாதி அளவுக்குக் காற்றின் இழுப்பும் சேர்ந்துகொள்ளும். அதற்கு ஒரு 180. மொத்தம் 1 யூனிட்டைத் தொட்டாச்சு. பேட்டரியில் முப்பது சதவீதத்தைத் தொடாமல் வைக்க வேண்டும் என்றால் சுமார் 1.5 யூனிட் பேட்டரி வாங்க வேண்டும். முகத்துவாரத்துப் பக்கம் போகிறவர்களுக்கு இதுவும் போதாது. எதிர் நீரோட்டம் மணிக்கு 2 கி.மீ. என்றால் 5.5-ல் போகிற படகு உண்மையில் நகர்வது 3.5 கி.மீ.தான், பேட்டரிக்கோ அது தெரியாது, அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கும்.

சரி, இனி மோட்டார். இங்கேதான் எண்களை வைத்து நிறைய விளையாட்டு நடக்கிறது. ஜெர்மனியின் ஸ்டார்ன்பெர்க் ஏரியில் பெட்ரோல் படகுகளுக்குக் கடும் கட்டுப்பாடு, 2005-ல் அந்த வட்டாரத்தில் தொடங்கிய டார்க்கீடோ நிறுவனத்தின் டிராவல் 1103 என்ற மோட்டாரைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து அது எடுப்பது 1,100 வாட், படகைத் தள்ளுவதில் போய்ச் சேருவது 540 வாட், ஆனால் விற்கும்போது 3 எச்பி எஞ்சினுக்குச் சமம் என்பார்கள். 3 எச்பி என்றால் 2,200 வாட்டுக்கு மேல் வருமே என்று தோன்றும். இதில் பொய் இல்லை, அளக்கிற இடம்தான் வேறு. பெட்ரோல் எஞ்சினின் எச்பி தண்டில் அளப்பது, அதற்கப்புறம் புரொப்பல்லரில் ஆகிற நஷ்டம் அதில் வராது. மின்மோட்டார் குறைந்த சுற்றிலேயே முழு முறுக்குவிசை கொடுப்பதால் பெரிய புரொப்பல்லரை மெதுவாகச் சுற்ற முடிகிறது. கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளுவதைவிட நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவதில் வீணாவது குறைவு. அதனால் மெதுவான வேகத்தில் அந்த ஒப்பீடு ஓரளவு பொருந்தும், வேகம் கூடினால் பெட்ரோல் எஞ்சின் முந்திவிடும்.

டிரோலிங் மோட்டார் என்று விற்கிற விலை குறைந்த ரகத்தில் எச்பியே இருக்காது, 30 பவுண்டு, 55 பவுண்டு என்று தள்ளுவிசை போட்டிருக்கும். அது படகைக் கட்டிப்போட்டு அளந்தது. படகு நகர ஆரம்பித்தால் தண்ணீரே எதிரே ஓடிவந்து புரொப்பல்லர் இலைகளுக்குள் நுழைகிறது, இலையின் பிடி குறைகிறது, 55 பவுண்டும் கூடவே இறங்கிவிடும். ஏரியில் அமைதியாக மெதுவே நகர்ந்து தூண்டில் போடுவதற்கு இது தாராளம், காற்றை எதிர்த்துக் கரை திரும்புவதற்கு நான் இதை நம்ப மாட்டேன்.

இந்த ரகத்தில் இன்னொரு சங்கதி. ஐந்து வேக சுவிட்ச் வைத்த மாடல்கள் பலவற்றில், ஐந்தாவது வேகத்தில் மட்டும்தான் பேட்டரி நேராக மோட்டாருக்குப் போகும். மற்ற நான்கிலும் நடுவே ஒரு மின்தடைக் கம்பிச்சுருளைச் செருகி, மிச்ச மின்சாரத்தைச் சூடாக்கித் தண்ணீரில் விடுகிறார்கள். மெதுவாகப் போனால் மிச்சம் என்று மேலே போட்ட கணக்கு இதில் பாதி அடிபட்டுப்போகும். மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் தடவை விட்டு நிறுத்தி விட்டு நிறுத்தி வேகத்தைக் குறைக்கிற எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர் உள்ளதை வாங்குங்கள். பிடியை முறுக்கினால் படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டு வேகம் ஏறும், அதுதான் அடையாளம்.

வோல்டேஜ் விஷயம் சின்னது, ஆனால் பணம் வீணாகிற இடம். 55 பவுண்டு மோட்டார் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் இழுக்கும். எடையைச் சமன் செய்ய பேட்டரியை முன்னால் தள்ளி வைத்து, போக வர 6 மீட்டர் கம்பியை 6 சதுர மி.மீ. அளவில் இழுத்தால் கம்பியிலேயே ஏறக்குறைய 1 வோல்ட் காணாமல் போகும், 46 வாட் கம்பியைச் சூடாக்கும். 16 சதுர மி.மீ. போட்டால் அது 17 வாட்டாக இறங்கும். அதே சக்தியை 48 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் நாலில் ஒரு பங்கு, கம்பியில் ஆகிற நஷ்டம் பதினாறில் ஒரு பங்கு. 1 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 48 வோல்ட்டுக்குப் போய்விடுவது நல்லது.

வீட்டு இன்வெர்டர் பேட்டரி இருக்கிறதே, அதைப் படகில் ஏற்றலாமா? ஏற்றலாம், ஆனால் அதன் மேல் எழுதியிருக்கிற ஆம்பியர்-மணியை அப்படியே நம்பக்கூடாது. 100 ஆம்பியர்-மணி என்பது 20 மணி நேரம் 5 ஆம்பியர் வீதம் சொட்டுச் சொட்டாக எடுத்தால் கிடைப்பது. 50 ஆம்பியர் வீதம் இழுத்தால் அறுபது சொச்சம்தான் தேறும். லெட்-ஆசிட் பேட்டரியின் இந்தக் குணத்தை 1897-லேயே பாய்கெர்ட் என்ற ஜெர்மானியர் சூத்திரமாக எழுதிவிட்டார். அதிலும் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பேட்டரியின் ஆயுள் சீக்கிரம் போய்விடும். நம் 1.5 யூனிட்டுக்கு 150 ஆம்பியர்-மணி இன்வெர்டர் பேட்டரி இரண்டு வேண்டியிருக்கும், இரண்டும் சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டும். அதற்கு இன்னோர் ஆளை ஏற்றிக்கொண்டு வலையை இழுக்கச் சொல்லலாம்.

லித்தியத்தில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ரகத்தைத்தான் சொல்வேன். எடைக்கு எடை மற்ற லித்தியத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் மின்சாரம் பிடிக்கும், ஆனால் சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது, ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். 51.2 வோல்ட், 30 ஆம்பியர்-மணி பெட்டி ஒன்று 1.5 யூனிட், எடை 15 கிலோ பக்கம். இந்த வேதியியலுக்குள் நம்மூர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். மதுரையில் படித்துவிட்டுப் போன ஆறுமுகம் மந்திரம் 1980-களில் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குடினஃப்போடு சேர்ந்து, சல்ஃபேட் போன்ற கூட்டு அயனிகளை வைத்தால் இரும்புச் சேர்மங்களிலும் நல்ல வோல்டேஜ் எடுக்கலாம் என்று காட்டினார். அதே வழியில் போய்த்தான் 1997-ல் குடினஃப்பின் குழு இந்தப் பாஸ்பேட்டைக் கொண்டுவந்தது. 2019-ல் குடினஃப்புக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியதும் மந்திரம்தான். பழைய மின்ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய பேட்டரி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், உள்ளே எந்த ரகம், எவ்வளவு தேய்ந்தது என்று தெரியாத பெட்டியை நம்பித் தண்ணீருக்குள் போகாதீர்கள்.

பாஸ்பேட் பேட்டரியில் ஒரே சிக்கல், அது தன் வயிற்றில் எவ்வளவு இருக்கிறது என்று வோல்ட்மீட்டருக்குச் சொல்லாது. லெட்-ஆசிட் 12.7-லிருந்து 12.2-க்கு இறங்கினால் பாதி தீர்ந்தது என்று தெரிந்துவிடும். 12 வோல்ட் பாஸ்பேட் பேட்டரியோ முக்கால்வாசி நேரமும் 13.2-ஐ ஒட்டியே நின்றுகொண்டிருந்துவிட்டு, கடைசியில் மளமளவென்று விழும், உள்ளே இருக்கிற பிஎம்எஸ் (பேட்டரியைக் காவல் காக்கிற சர்க்யூட்) பட்டென்று மின்சாரத்தை வெட்டிவிடும். எஞ்சின் இருமுவது போன்ற முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. போன மின்சாரத்தையும் வந்த மின்சாரத்தையும் எண்ணிக்கொண்டே இருக்கிற ஷன்ட் மீட்டர் ஒன்றை மாட்டிவிடுங்கள். கூடவே பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். இந்த பேட்டரி ஷார்ட் ஆனால் ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், அந்த இடத்தில் ஸ்பானர் விழுந்தால் ஸ்பானரே உருகும்.

மோட்டாரின் தண்டு நீளத்தைக் கடையில் யாரும் கேட்பதில்லை. 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு ரகம் வரும், மோட்டாரை மாட்டுகிற பின்பலகையின் உயரத்தை அளந்துகொண்டு போங்கள். குட்டையாக இருந்தால் அலையில் படகு குதிக்கும்போது புரொப்பல்லர் காற்றை உறிஞ்சி வெறுமனே சுற்றும், நீளமாக இருந்தால் பழவேற்காட்டுச் சேற்றில் உழும். சேற்றில் முட்டினால் புரொப்பல்லரைக் காப்பாற்றத் தான் உடைந்துகொள்கிற ஷியர் பின் பல மோட்டார்களில் உண்டு, மாற்றுப் பின் இரண்டும் ஒரு பிளையரும் படகிலேயே கிடக்கட்டும்.

நன்னீருக்கென்று செய்த மோட்டாரை உப்புத் தண்ணீரில் போடாதீர்கள். உப்புநீர் மாடலில் தன்னைத்தானே அரிக்கவிட்டு மற்ற உலோகத்தைக் காக்கிற துத்தநாகத் துண்டு ஒன்று இருக்கும், அது பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். கரை வந்ததும் மோட்டாரைத் தூக்கி நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, அவ்வப்போது புரொப்பல்லரைக் கழற்றிப் பாருங்கள். தூண்டில் நரம்போ வலைநூலோ தண்டில் சுற்றிக்கொண்டு சீலுக்குள் நுழைந்தால் அதன் வழியே உப்புத் தண்ணீர் மோட்டாருக்குள் போகும். மின்மோட்டார்களைக் கொல்வதில் இந்த நரம்புக்குப் பெரிய பங்கு உண்டு.

கடலுக்குள் போகிற 30 அடி ஃபைபர் படகுக்கு இதெல்லாம் பொருந்துமா என்றால், இப்போதைக்கு இல்லை என்பேன். 9.9 எச்பி என்றால் சுமார் 7.4 கிலோவாட், போக வர முழு வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டினாலே 15 யூனிட், பேட்டரி மட்டும் 150 கிலோ. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவே 2017 முதல் 75 பேரை ஏற்றிக்கொண்டு சூரிய மின்சாரத்தில் ஓடுகிற ஆதித்யா படகு ஜெயித்ததற்குக் காரணம், அது வேம்பநாட்டுக் காயலில், குறைந்த தூரத்தில், நிதானமான வேகத்தில், நேரத்துக்குக் கரை தொட்டு ஓடுகிறது. உங்கள் தொழிலும் அந்த மாதிரி என்றால் தைரியமாக வாங்கலாம். எவ்வளவு பெரிய பேட்டரி வைத்தாலும் துடுப்பையும் கழியையும் மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.